நிறுத்தலாமா, எதுவரை? தெரு பார்க்கிங் பலகைகளும் அரசின் கடமையும்

தெருவோரத்தில் வண்டியை நிறுத்த வருகிறவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். இப்போது இங்கே நிறுத்தலாமா? நிறுத்தினால் எத்தனை மணி வரை விடலாம்? உலகின் பெருநகரங்கள் பலவற்றில் கம்பங்களில் மாட்டியிருக்கும் பலகைகள் இந்த இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. அவை விதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகின்றன. அந்த விதிகளைக் கூட்டிக் கழித்து விடை காணும் வேலை ஓட்டுநர் தலையில் விழுகிறது. கணக்கு தப்பினால் அபராதச் சீட்டு, சில இடங்களில் வண்டியே இழுத்துச் செல்லப்படும்.

இது வடிவமைப்பாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சாதாரணக் குடிமகன் அன்றாடம் சட்டத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களில் தெருக்கம்பமும் ஒன்று. அங்கே சட்டம் புரியவில்லை என்றால், புரியாத சட்டத்துக்குத் தண்டனை விதிக்கும் நிலைக்கு அரசு வந்துவிடுகிறது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் நடந்த சீர்திருத்த முயற்சிகளை முதன்மையாக எடுத்துக்கொண்டு இந்தச் சிக்கலின் வேரையும் தீர்வுகளின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நான்கு பலகைகள், ஒரு கணக்கு

அமெரிக்க நகரங்களில் வழக்கமாகக் காணும் விதிகளைக் கொண்டு ஒரு மாதிரிக் கம்பத்தை அமைத்துப் பார்ப்போம். மேலே சிவப்பு எழுத்தில் முதல் பலகை: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் நிறுத்தக் கூடாது, மீறினால் வண்டி இழுத்துச் செல்லப்படும். அடுத்ததும் சிவப்பு: தெருவைப் பெருக்குவதற்காகச் செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 12 வரை நிறுத்தக் கூடாது. மூன்றாவது பச்சை: திங்கள் முதல் சனி வரை காலை 8 முதல் மாலை 6 வரை இரண்டு மணி நேரம் நிறுத்தலாம். நான்காவது: இந்த வட்டாரத்து அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு விலக்கு.

செவ்வாய்க்கிழமை காலை 9.15க்கு ஒருவர் வருகிறார். முதல் பலகையின் காலைத் தடை முடிந்துவிட்டது. பச்சைப் பலகை இரண்டு மணி நேரம் தருகிறது, ஆகவே 11.15 வரை விடலாம் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் 10 மணிக்குப் பெருக்கும் வண்டி வந்துவிடும். அவருக்கு உண்மையில் கிடைப்பது 45 நிமிடம். அந்த 45 என்ற எண் நான்கு பலகைகளில் எதிலும் இல்லை. அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரின் நிலை இன்னும் மோசம். அவருக்கான விலக்கு இரண்டு மணி நேர வரம்புக்கு மட்டுமா, பெருக்கும் நேரத்துக்கும் சேர்த்தா என்பதைப் பலகைகளைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இந்தக் கணக்கை வீட்டில் மேசை முன் உட்கார்ந்து போட்டாலே சிறிது நேரம் பிடிக்கும். ஓட்டுநர் போடுவதோ ஓடும் தெருவில், பின்னால் வரும் வண்டி ஹார்ன் அடிக்கும்போது. அமெரிக்காவின் தேசியச் சாலைக் குறியீட்டுக் கையேட்டின்படி நகரத் தெருக்களில் பலகையின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 7 அடி உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்கிங் பலகையின் வழக்கமான அளவு 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம். காருக்குள் உட்கார்ந்தபடி அண்ணாந்து அதைப் படிக்க வேண்டும். பல பலகைகள் ஒரே கம்பத்தில் சேரும்போது கடைசிப் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே முதல் பலகை நினைவிலிருந்து நழுவத் தொடங்கும்.

இதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய தகவல்கள் மிகச் சில என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்ட முடிவு. எதிர்மறைக் கூற்றுகளைச் சரிபார்க்க நேர்மறைக் கூற்றுகளைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1950களின் இறுதியிலேயே சோதனைகளால் காட்டினார். பார்க்கிங் கம்பம் இந்த இரண்டு பலவீனங்களையும் ஒருசேரச் சோதிக்கிறது. தடை, அனுமதி, விலக்கு ஆகிய மூன்றும் மாறிமாறி வருகின்றன. நாள் ஒரு வரியிலும் மணி ஒரு வரியிலும் அம்புக்குறி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. இந்த நிலையில் படிப்பவர் தவறு செய்வது அவருடைய அசிரத்தையால் அல்ல. பலகையின் அமைப்பே தவறைத் தூண்டுகிறது.

கம்பம் ஏன் நீள்கிறது?

எந்த நகரமும் மக்களைக் குழப்ப வேண்டும் என்று திட்டமிட்டுப் பலகை மாட்டுவதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் நியாயமான காரணம் ஒன்று இருந்திருக்கும். நெரிசல் நேரத்தில் ஒரு தடம் கூடுதலாக வேண்டும் என்கிறது போக்குவரத்துத் துறை. தெருவைக் கூட்ட இடம் வேண்டும் என்கிறது துப்புரவுத் துறை. வெளியார் வண்டிகள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று குடியிருப்பவர்கள் முறையிட, அனுமதிச் சீட்டு முறை வருகிறது. பள்ளி திறந்ததும் பிள்ளைகளை இறக்கிவிட இடம் ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தீர்மானம், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு பலகை. பழைய பலகைகளோடு சேர்த்துப் படித்தால் புதிய பலகை என்ன சொல்லும் என்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை.

எனவே அந்தக் கம்பம் நிர்வாகத்தின் உள்ளமைப்பைத்தான் காட்டுகிறது. எந்தத் துறை எப்போது என்ன கேட்டது என்ற வரலாறு அதில் பதிந்திருக்கிறது. ஓட்டுநருக்கு அந்த வரலாறு தேவையில்லை. அவருக்கு வேண்டியது எல்லா விதிகளும் சேர்ந்து தரும் ஒரே முடிவு.

நியூயார்க் நகரம் இதற்குச் சிறந்த சான்று. தெருவைப் பெருக்குவதற்காக, குறித்த நாட்களில் குறித்த நேரத்தில் தெருவின் ஒரு பக்கத்தைக் காலி செய்யும் ஏற்பாடு அங்கே 1950 இல் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் தொடங்கியது. துடைப்பம் வரைந்த அந்தப் பலகை இன்று நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் பலகையை மட்டும் படித்தால் போதாது. பண்டிகை நாட்களில் இந்த விதி நிறுத்திவைக்கப்படும். அந்த நாட்களின் பட்டியலில் தீபாவளியும் உண்டு. அந்தப் பட்டியல் கம்பத்தில் இல்லை. ஓட்டுநர் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலும், நிறுத்துவதற்கான தடை அங்கே மூன்று படிகளில் உள்ளது. முதல் வகையில் சரக்கு ஏற்றி இறக்கவும் ஆட்களை ஏற்றி இறக்கவும் சிறிது நேரம் நிற்கலாம். இரண்டாவது வகையில் ஆட்களை ஏற்றி இறக்க மட்டும் நிற்கலாம். மூன்றாவது வகையில் எதற்காகவும் நிற்கக் கூடாது. மூன்று வகைப் பலகைகளுக்கும் இடையே வித்தியாசம் ஒரே ஒரு சொல்தான். அதோடு, இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட ஒரு தெருத்துண்டில் எங்கேனும் ஒரு பலகை இருந்தாலே அந்தத் துண்டு முழுமைக்கும் போதுமான அறிவிப்பு என்கிறது நகரின் போக்குவரத்து விதி. வண்டியை விட்டு இறங்கி இரு முனைகளுக்கும் நடந்து பார்க்கும் கடமை ஓட்டுநருடையது. அறிவிப்பதில் அரசுக்குள்ள பொறுப்பு இவ்வளவு சுருங்கும்போது, குடிமகனின் பொறுப்பு அதே அளவுக்கு நீள்கிறது.

நியூயார்க், 2013: சொற்களைக் குறைத்தல்

2013 ஜனவரியில் நியூயார்க் போக்குவரத்துத் துறை மன்ஹாட்டன் நடுப்பகுதியில் உள்ள வணிக வாகன பார்க்கிங் பலகைகளை மாற்றத் தொடங்கியது. அப்போது ஜேனட் சாதிக்-கான் துறையின் ஆணையர். வடிவமைப்பை பென்டகிராம் நிறுவனம் செய்தது. அந்தப் பழைய பலகைகள் 5 அடி உயரம் வரை நீண்டவை. ஒரு பலகையில் சுமார் 250 எழுத்துகள் இருந்தன. புதிய வடிவத்தில் அது ஏறக்குறைய 140 ஆகக் குறைந்தது. பலகையின் உயரமும் சுமார் ஓர் அடி குறைந்தது. நிறங்களும் எழுத்துருக்களும் குறைக்கப்பட்டன. சொற்சுருக்கங்கள் நீக்கப்பட்டு, வரிகள் இடப்பக்க ஓரத்தில் சீராக அமைக்கப்பட்டன. மணிக்கு முன்னால் கிழமை வைக்கப்பட்டது.

கடைசியாகச் சொன்ன மாற்றம் சிறியதுதான், ஆனால் நுட்பமானது. ஓட்டுநர் முதலில் இன்றைக்கு இந்த விதி உண்டா என்று பார்ப்பார். இல்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. அவர் யோசிக்கும் வரிசையில் தகவலை வைத்தாலே படிக்கும் சுமை பாதி குறைகிறது. ஒரு விதியையும் மாற்றாமல் வைப்பு முறையை மட்டும் மாற்றி இவ்வளவு செய்ய முடியும் என்பதே நியூயார்க் தந்த பாடம்.

ஆனால் அந்தச் சீர்திருத்தத்துக்கு எல்லையும் உண்டு. ஒவ்வொரு விதியும் முன்னைவிடத் தெளிவானது. விதிகளைச் சேர்த்துக் கணக்குப் போடும் வேலை மட்டும் ஓட்டுநரிடமே இருந்தது.

விதியைச் சொல்வதா, விடையைச் சொல்வதா?

அந்தக் கணக்கைப் பலகையே போட்டுத் தர வேண்டும் என்று முன்வந்தவர் நிக்கி சிலியான்டெங் என்ற வடிவமைப்பாளர். லாஸ் ஏஞ்சலிஸில் அபராதச் சீட்டு வாங்கிய அனுபவம் அவரை இதில் இறக்கியது. அவர் உருவாக்கிய பலகை பள்ளிக்கூடத்து வகுப்புக் கால அட்டவணை போன்றது. மேலிருந்து கீழாக மணிகள், இடமிருந்து வலமாகக் கிழமைகள். நிறுத்தக்கூடிய நேரம் பச்சைக் கட்டம், கூடாத நேரம் சிவப்புக் கட்டம். பச்சைக்குள் எத்தனை மணி நேரம் என்ற குறிப்பு. காரணங்களை அவர் முழுவதுமாக நீக்கினார். தெருவைப் பெருக்குவதாலா, நெரிசலாலா என்பது வண்டி நிறுத்துகிறவருக்குத் தேவையில்லை என்பது அவர் வாதம்.

2014 இல் அவர் செய்தது துணிச்சலான காரியம். தாமே தயாரித்த பலகைகளை நியூயார்க் தெருக்களில் உண்மைப் பலகைகளுக்குக் கீழே மாட்டினார். அவற்றிலேயே கருத்து எழுத இடமும் விட்டு, வந்த கருத்துகளைக் கொண்டு வடிவத்தைத் திருத்தினார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காகத் தடைக் கட்டங்களில் சாய்கோடுகள் சேர்ந்தன. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இந்த நிறக்குறைபாடு உண்டு என்பதால் அந்தத் திருத்தம் இன்றியமையாதது. நிறத்தை மட்டும் நம்பும் எந்தப் பலகையும் முழுமையான அறிவிப்பு ஆகாது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்ற உறுப்பினர் பால் கிரெகோரியன் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார். 2015 இல் நகரின் மையப்பகுதியில் 100 அட்டவணைப் பலகைகள் ஆறு மாதச் சோதனையாக வைக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரமும் இதே கருத்தைச் சோதித்தது. தெருவைப் பெருக்கும் நேரத்தில் வண்டி நின்றிருந்தால் லாஸ் ஏஞ்சலிஸில் அபராதம் 73 டாலர். நாள்கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு அது ஒரு நாள் உழைப்பின் பெரும்பகுதி. ஒரு பலகையை வாசிப்பதில் நேரும் பிழைக்கு இது கடுமையான விலை.

முன்பு பார்த்த செவ்வாய்க்கிழமை ஓட்டுநரை இந்த அட்டவணைக்கு முன் நிறுத்துவோம். அவர் செவ்வாய் என்ற வரிசையில் 9.15க்கு நேரே பார்க்கிறார். பச்சை. அதற்குக் கீழே 10 மணிக்குச் சிவப்பு தொடங்குகிறது. 45 நிமிடம் என்ற விடை கண்ணாலேயே கிடைத்துவிடுகிறது.

அட்டவணையின் எல்லை

எல்லாச் சிக்கலையும் அட்டவணை தீர்க்காது. ஒரே பலகையில் ஏழு கிழமைகளும் நாள் முழுவதற்குமான மணிகளும் வேண்டுமென்றால் எழுத்து சிறுக்கும். தொலைவிலிருந்து படிப்பது கடினமாகும். பள்ளி நாள் மட்டும், விளையாட்டுப் போட்டி நாள் மட்டும் என்பன போன்ற விதிகள் வாரக் கட்டங்களில் அடங்கா. ஊருக்கு ஊர் புதுப் பலகை வந்தால், வெளியூர் ஓட்டுநர் தடுமாறுவார். அமெரிக்காவில் 1935 முதலே தேசியக் கையேடு இருப்பதற்குக் காரணம் இந்த ஒருமைப்பாடுதான். தடைக்குச் சிவப்பு, நேர வரம்புள்ள அனுமதிக்குப் பச்சை என்ற மரபும் அதில் உள்ளது. புதிய வடிவங்களை முறையாகச் சோதிக்க அந்தக் கையேடே வழி வைத்திருக்கிறது. ஒருமைப்பாட்டைக் குலைக்காமல் மாற்றம் கொண்டுவர அந்த வழியே சரியானது.

சுருக்கம் என்பதும் தெளிவு என்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஸ்வீடன் எடுத்துக்காட்டு. அங்கே பலகையில் சாதாரணமாக எழுதிய மணிகள் வேலை நாட்களுக்கு உரியவை. அடைப்புக்குறிக்குள் உள்ள மணிகள் சனிக்கிழமைக்கும் விடுமுறைக்கு முந்தைய நாளுக்கும். சிவப்பு எண்கள் ஞாயிறுக்கும் விடுமுறைக்கும். தெரிந்தவருக்கு இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. முதன்முறை வருகிற வெளிநாட்டவருக்கு அது புதிர்.

பிரிட்டன் விதியைத் தரையிலேயே எழுதுகிறது. சாலை ஓரத்தில் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்நேரமும் காத்து நிற்கக் கூடாது. ஒற்றைக் கோடு என்றால் நேரத்தை அருகிலுள்ள பலகையில் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் நடைபாதை ஓரக்கல்லுக்கு நிறம் பூசுகிறார்கள்: சிவப்பு என்றால் நிற்கவே கூடாது, மஞ்சள் சரக்குக்கு, பச்சை குறுகிய நேரத்துக்கு, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. தரைக்குறிக்குப் பெரிய வலிமை ஒன்று உண்டு. விதி எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடிகிறது என்பதை அம்புக்குறியால் ஒருபோதும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. எந்நேரமும் பொருந்தும் தடைக்குத் தரைக்குறி, நேரத்தோடு மாறும் விதிக்குப் பலகை என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் கம்பத்தின் பாரம் தானாகக் குறையும்.

செல்போன் செயலி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். செயலி துணை நிற்கலாம். ஆனால் தண்டனைக்கு அடிப்படையான அறிவிப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பொது இடத்தில்தான் இருக்க வேண்டும். போனில்லாதவருக்கும், சார்ஜ் தீர்ந்தவருக்கும் சட்டம் ஒன்றே.

தெளிவை அளப்பது எப்படி?

புதிய பலகை அழகாக இருக்கிறது, மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது சான்று ஆகாது. மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, ஒரு நாளையும் மணியையும் சொல்லி, நிறுத்தலாமா, எதுவரை என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்பது. இரண்டாவது, பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பது. மூன்றாவது, பலகையை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் எழுதப்பட்ட அபராதங்களின் எண்ணிக்கை. சோதனைக்கு வருகிறவர்களில் முதியவர்கள், அந்த ஊர் மொழியைக் குறைவாக அறிந்தவர்கள், நிறக்குறைபாடு உள்ளவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

அபராதப் பதிவுகளே நல்ல ஆய்வுச் சாதனம். ஒரே கம்பத்தருகே மாதந்தோறும் அபராதங்கள் குவிந்தால், அங்கே வருகிற எல்லோரும் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று நினைப்பதைவிட அந்தக் கம்பத்தை ஆய்வது அறிவுடைமை. அபராத வருமானத்தை நம்பும் நகராட்சிக்கு இந்த ஆய்வில் ஆர்வம் குறையலாம். அதனால் ஆய்வைச் செய்யும் பிரிவும் அபராதம் வசூலிக்கும் பிரிவும் வேறாக இருப்பது நல்லது. பார்க்கிங் தடை எதற்காக என்பதை மறக்கக் கூடாது. பேருந்து திரும்பவும், தீயணைப்பு வண்டி நுழையவும், சக்கர நாற்காலி ஏறவும் இடம் வேண்டும் என்பதற்காகவே அது. எழுதிய அபராதத்தால் அந்த இடம் காலியாகிவிடுவதில்லை. முன்கூட்டியே புரிந்த பலகைதான் அதைக் காலியாக வைத்திருக்கும்.

நம் சட்டமும் நம் தெருவும்

இந்தியாவில் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 116 ஆம் பிரிவின்படி அரசோ அது அதிகாரமளித்த அமைப்போதான் சாலைக் குறியீடுகளை வைக்கலாம். அவற்றின் அளவு, நிறம், வகை எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் கண்டபடி இருக்க வேண்டும். வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்கும் அதிகாரத்தை 117 ஆம் பிரிவு தருகிறது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றவும் சக்கரத்தைப் பூட்டவும் 127 ஆம் பிரிவு இடமளிக்கிறது. சிவப்பு வளையமிட்ட நீல வட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது; இரண்டு கோடுகள் என்றால் நிற்கவே கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்றுக்கொள்ளக்கூடிய குறிகள் இவை.

தெருவில் நிலைமை வேறு. சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ‘நோ பார்க்கிங்’ பலகை தொங்குகிறது. மீறினால் டயரின் காற்று இறக்கப்படும் என்ற எச்சரிக்கையும் சிலவற்றில் உண்டு. டியூஷன் சென்டர் விளம்பரத்தோடு அச்சடித்துக் கொடுத்தவையும் ஏராளம். வாசலை மறைத்து வண்டி நிற்பதால் படும் அவதி உண்மையானது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இவை சாலைக் குறியீடுகள் அல்ல. இவற்றின் கூட்டத்தில் அரசு வைத்த உண்மைப் பலகை மங்கிப்போகிறது. எதை மதிக்க வேண்டும், எதைக் கடந்து போகலாம் என்பது தெரியாமல் ஓட்டுநர் எல்லாவற்றையும் அலட்சியம் செய்யப் பழகுகிறார். மரக்கிளை மறைத்த பலகை, சுவரொட்டி மூடிய பலகை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாத பலகை ஆகியவை இந்த அலட்சியத்தை வளர்க்கின்றன.

நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் நெடுங்கம்பங்கள் நமக்கு இன்னும் வரவில்லை. கட்டண பார்க்கிங்கும் நேரக் கட்டுப்பாடும் பெருகும்போது வரும். அதற்கு முன்பே சில நெறிகளை வகுத்துக்கொள்வது எளிது. ஒரு கம்பத்தில் ஒரே பலகை. அதில் தமிழும் ஆங்கிலமும், கிழமை முதலில், மணி அடுத்து. தடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் தரையில் கோடாக. புதிய விதி வந்தால் பழைய பலகையோடு இன்னொன்றைத் தொங்கவிடாமல் முழுப் பலகையையும் திருத்தி எழுதுவது. மறைந்த, அழிந்த பலகையின் கீழ் எழுதிய அபராதத்தை முறையீட்டின் பேரில் ரத்து செய்வது.

எல்லா விதிகளையும் ஒரே கட்டத்தில் வரைந்து பார்க்கும் பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. வரைய முடியாத அளவுக்குக் கட்டம் சிக்கலானால், பிழை பலகையில் இல்லை, விதியில் இருக்கிறது. அப்போது திருத்த வேண்டியது விதியைத்தான். அதிகாரி அலுவலகத்தில் அமர்ந்து ஒரே பார்வையில் விளக்க முடியாத விதியை, நடுத்தெருவில் ஓட்டுநர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அபராதம் விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அந்த உரிமை, விதியைப் புரியும்படி சொல்லிய பிறகே தொடங்க வேண்டும்.